படப்பை என்றால் தோட்டம்! தரிசு என்று எழுதியது யார்?



வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் நிற்கிற போர்டுகளைப் படித்திருப்பீர்கள். தாம்பரம் இத்தனை நிமிடம், ஒரகடம் இத்தனை நிமிடம், விமான நிலையம் இத்தனை நிமிடம், "சென்னைக்கு மிக அருகில்"! நம்ம ஊருக்கு மரியாதை அவ்வளவுதான். வேறு எதற்கோ பக்கத்தில் இருப்பதால்தான் நமக்கு விலை. நமக்கென்று ஒரு ஏரி, ஒரு கலங்கல், ஒரு கோயில், ஒரு களத்துமேடு இருப்பதாக எந்த போர்டும் சொல்லாது.

போர்டு எழுதுகிறவன் வியாபாரி. அது அவன் பிழைப்பு, விட்டுத்தள்ளுங்கள். ஆனால் அரசாங்கமும் அதே பாஷையில் பேசினால்? "மானாவாரி பூமி, விளைச்சல் கிடையாது, தரிசு" என்று எழுதி, அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஏக்கர் ஏக்கராக வளைக்கிறார்களே, அதற்கு நாம என்ன பதில் சொல்லப் போகிறோம்?

முதல் பதிலை ஊர்ப் பேரே சொல்கிறது. தமிழ் அகராதியை எடுத்துப் பாருங்கள். படப்பை என்றால் தோட்டம், கொல்லை, மருத நிலத்து ஊர். தோட்டம் என்று பேர் இருக்கிற ஊரைத் தரிசு என்று எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

எது நம்ம பெருமை?

ஊர்ப் பெருமை பேச ஆரம்பித்தால் நம்ம ஆட்கள் உடனே ராஜா கதைக்குப் போய்விடுவார்கள். சொல்லக் கதை இல்லாமலும் இல்லை. பக்கத்தில் இருக்கிற மணிமங்கலத்தில்தான் 7ஆம் நூற்றாண்டில் வாதாபியிலிருந்து வந்த இரண்டாம் புலிகேசியின் படையைப் பல்லவ அரசன் முதலாம் நரசிம்மவர்மன் அடித்து விரட்டினான். அந்தப் போர்க்களத்தின் பேர் கூரம் செப்பேட்டில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். எல்லாம் சரி. ஆனால் ராஜா போய் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவன் காலத்திலிருந்து இன்றைக்கு வரைக்கும் நமக்குச் சோறு போட்டது ஏரி. பெருமைப்பட வேண்டியது அதைப் பார்த்து.

காவிரி மாதிரி ஆறு நமக்கு ஓடவில்லை. பாலாறு பல வருஷம் வெறும் மணலாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் கொட்டுவதைப் பிடித்து வைத்து மிச்ச மாதங்களை ஓட்ட வேண்டிய சீமை இது. அதற்குத்தான் நம்ம முன்னோர்கள் ஏரி மேல் ஏரியாகக் கட்டினார்கள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்கு. அதுவும் நிரம்பினால் அடுத்த ஊர்த் தாங்கலுக்கு. காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் ஒன்றாக இருந்தபோது, அதாவது 2019 வரை, அந்த மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பேர். பொதுப்பணித்துறை கணக்கில் மட்டும் 900 ஏரிகளுக்கு மேல். ஊராட்சி ஏரி, குளம், குட்டை தனி. சென்னையில் பெரிய பெரிய பாலம் கட்டித் தாண்டுகிறார்களே அடையாறு, அது எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மணிமங்கலம் பக்கம் மலைப்பட்டு ஏரியிலும் ஆதனூர் ஏரியிலும்தான். நம்ம ஏரி வழிந்த தண்ணீருக்குத்தான் பட்டினத்தில் ஆறு என்று பேர்.

ஏரியைக் கட்டினால் போதாது, அதை நிர்வாகம் பண்ண வேண்டும். உத்திரமேரூர் கோயில் சுவரில் போய்ப் பாருங்கள். பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டு. ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்து, ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்று ஒரு குழுவே அமைத்திருக்கிறார்கள். பதவி ஒரு வருஷம். கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது. அவன் சொந்தக்காரனும் நிற்க முடியாது! இன்றைக்கு இந்த விதியைக் கொண்டுவந்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் குடத்தில் நம்மில் பாதிப் பேருடைய பாட்டன் பேர் விழுந்திருக்காது. அது பிராமணச் சபை. நிலம் வேண்டும், வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பெண்கள் கிடையாது, கூலிக்காரன் கிடையாது. பெருமை பேசுகிறோம் என்று இதை விழுங்கிவிட்டால் அது மேடைப் பேச்சு. ஆனால் கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டும், ஏரி ஊருக்குப் பொது என்ற இரண்டும் நல்ல விதி. யார் எழுதியிருந்தாலும் அதை நாம எடுத்துக்கொள்வோம்.

ஏரி சொல்லிக் கொடுத்தது

கழனியில் வளர்ந்தவனுக்குப் புத்தி எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூடத்துக்குப் போகாத நம்ம ஆயாவும் தாத்தாவும் நாலு பேருக்கு நியாயம் சொன்னார்களே, எப்படி? மதகுதான் சொல்லிக் கொடுத்தது. ஏரியில் தண்ணீர் குறைந்த வருஷம் யாருக்கு எத்தனை நாழிகை என்று முறை வைத்தார்கள். தலைமடைக்காரன் ராத்திரியில் மடையை அடைத்தால் கடைமடையில் பயிர் காயும், விடிந்ததும் அவன் முகத்தில் முழிக்க வேண்டும். முழித்தே ஆக வேண்டிய ஊரில்தான் நியாயம் வளரும்.

நீர்க்கட்டியை நினைத்துப் பாருங்கள். மதகைத் திறந்து, வாய்க்காலைப் பார்த்து, ஒவ்வொரு கழனியாகப் பாய்ச்சி விடுகிறவர். பெரிய பண்ணை என்று அவருக்கு ஒரு சொட்டு கூடவோ, கால் காணிக்காரன் என்று ஒரு சொட்டு குறையவோ கூடாது. அறுவடை ஆனதும் களத்தில் நெல் அளக்கும்போது அவருக்கு ஒரு பங்கு. தச்சருக்கு, கொல்லருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு, வெட்டியானுக்கு, கோயிலுக்கு, ஏரி மராமத்துக்கு என்று எடுத்து வைத்த பிறகுதான் மிச்சம் வீட்டுக்கு. 1767லிருந்து 1774 வரை பார்னார்டு என்ற வெள்ளைக்காரர் செங்கல்பட்டுச் சீமையில் சுமார் 2,000 கிராமங்களை ஊர் ஊராக அளந்து கணக்கு எழுதினார். யார் யாருக்கு என்ன பங்கு என்பது அந்தக் கணக்கில் வருகிறது. ஏரிக்கென்று களத்திலேயே நெல் ஒதுக்கிய சமுதாயம் இது. இன்றைக்கு ஒரு மதகுக் கதவு துருப்பிடித்தால் டெண்டர் விட மூன்று வருஷம்!

ஆனால் அந்த நீர்க்கட்டி யார்? அநேகமாக எல்லா ஊரிலும் காலனியைச் சேர்ந்தவர். ஊர் முழுக்க நியாயமாகத் தண்ணீர் பாய்ச்சியவருக்குச் சொந்தமாகப் பாய்ச்ச ஒரு கழனி கிடையாது. இதே செங்கல்பட்டு மாவட்டத்து நிலைமையைப் பார்த்துத்தான் கலெக்டர் திரெமென்ஹீர் 1891ல் அறிக்கை கொடுத்தார், 1892ல் பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலமும் கைமாறிப் போனது. அதைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்துப்போனார்கள். மண்ணின் பெருமை என்று மைக் பிடிக்கிறவர்கள் இந்த இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லட்டும். நிலத்துக்காக உயிரைக் கொடுத்தவர்கள் என்றால் இந்தச் சீமையில் அவர்களும்தான்.

குன்றத்தூர் சேக்கிழாரைச் சொன்னோம். அவர் எழுதிய பெரிய புராணத்தில் இளையான்குடி மாறனார் கதை நம்ம வீட்டுப் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குக் காலையில் விதைத்த நெல்லை, ராத்திரி மழையில் போய்க் கூடையில் வாரிக்கொண்டு வந்து, வறுத்துக் குத்தி, வந்த விருந்தாளிக்குச் சோறு ஆக்கினார்கள். கூரையைப் பிடுங்கி அடுப்பெரித்தார்கள். அந்த அம்மாதான் விதைநெல்லைப் பற்றி யோசனை சொன்னது, கொல்லையில் இருந்த கீரையைக் குழம்பாக்கியதும் அவர்தான். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், இது விவசாயி வீட்டுக் கதை. விதைநெல் என்றால் என்ன என்று தெரிந்தவனுக்குத்தான் அந்தக் கதையின் கனம் தெரியும்.

வந்தாரை வாழவைத்தோம், சரி. நாம?

வந்தாரை வாழவைக்கும் தமிழ்நாடு என்று சொல்கிறோம். உண்மைதான். இருங்காட்டுக்கோட்டைக்குக் கொரியாக்காரன் வந்தான், ஒரகடத்துக்கு ஜப்பான்காரன், ஜெர்மன்காரன், பிரான்ஸ்காரன் வந்தான். 1990களின் கடைசியிலிருந்து இந்தப் பக்கம் சிப்காட் வளர வளர நாம நிலத்தைக் கொடுத்தோம். சிலர் மனசாரக் கொடுத்தோம், பலர் வேறு வழி இல்லாமல் கொடுத்தோம். கம்பெனி வந்தால் பிள்ளைக்கு வேலை என்றார்கள். வேலை வந்ததும் பொய் இல்லை. ஐ.டி.ஐ. படித்த பையன்கள், பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிற பெண் பிள்ளைகள், அவர்கள் சம்பளத்தில் எழும்பிய மாடி வீடுகள், எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. கம்பெனியே வேண்டாம் என்று இந்தச் சங்கம் ஒரு நாளும் சொல்லவில்லை. நாம கேட்பது ஒன்றே ஒன்று. அந்த வேலைக்கு எத்தனை வருஷம் ஆயுசு?

ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் நோக்கியா வந்தது. ஆயிரக்கணக்கான இளம்பிள்ளைகள் அதில் சேர்ந்தார்கள். 2014 நவம்பரில் மூடிவிட்டுப் போய்விட்டான். எட்டு வருஷம்! மறைமலைநகர் ஃபோர்டு 2022ல் உற்பத்தியை நிறுத்தினான். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள், விடுதிச் சாப்பாட்டில் சக தொழிலாளிகளுக்கு உடம்பு கெட்டதும் நடுரோட்டில் உட்கார்ந்து மறியல் பண்ண வேண்டி வந்தது. 2024ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளிகள் சங்கம் வைக்கும் உரிமைக்காக ஒரு மாதத்துக்கு மேல் வெளியில் நின்றார்கள். இவர்கள் எல்லாரும் யார் வீட்டுப் பிள்ளைகள்? கழனியை விட்டுப் போன வீட்டுப் பிள்ளைகள். கம்பெனி மூடினால் இன்னொரு தேசத்தில் திறப்பான். ஏரியை மூடினால் இன்னொரு ஏரியை எங்கே போய்த் திறப்பது?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஊர்ப் பெருமை பேசுகிறபோது சில பேர், "வடக்கத்தியான் வந்துட்டான், அவனாலதான் நம்ம பிழைப்பு போச்சு" என்று கிளப்பி விடுகிறார்கள். அது தப்பு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒரே அறையில் பத்துப் பேர் படுத்துக் கிடக்கிறானே, அவனும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். அங்கே பிழைக்க வழி இல்லாமல்தான் இங்கே வந்திருக்கிறான். 2020 ஊரடங்கில் பிழைப்பும் போய், ஊர் போய்ச் சேரவும் வழி இல்லாமல் அவன் பட்ட பாட்டைப் பார்த்தோமே. வரத்துக் கால்வாயில் மண் அடித்தது அவனா? பத்திரம் எழுதியது அவனா? விருந்தாளிக்கு விதைநெல்லை வாரிக் கொடுத்தவன் கதையைச் சொல்லிவிட்டு, கூலிக்காரனை அடிக்கப் போனால் நம்ம வாய்க்கே அசிங்கம்.

தரிசு எப்படி உண்டாகிறது?

இனி விஷயத்துக்கு வருவோம். நம்ம பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம் பேசின காலம் ஒன்று இருந்தது. இப்போது ஒரு போகம் எடுப்பதற்கே ததிங்கிணத்தோம். நிறையக் கழனி சும்மா கிடக்கிறது என்பது உண்மைதான். நாம மறைக்கவில்லை. ஏன் கிடக்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் மேல் ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாயை மறித்து ரோடு போடுவான். குழாய் வைக்கிறோம் என்று சின்னதாக ஒன்று வைப்பான், அதில் ஒரு வருஷத்தில் குப்பை அடைத்துக்கொள்ளும். ஏரிக்குத் தண்ணீர் வராது. ஏரி வறண்டால் கிணறு வற்றும். போர் போட்டால் பக்கத்தில் லாரித் தண்ணீர்க்காரன் அதைவிட ஆழமாகப் போடுவான். நடவுக்கு ஆள் கிடைக்காது. இரண்டு வருஷம் பார்த்துவிட்டு மூன்றாவது வருஷம் நாம போட்டதைப் போட்டபடி விடுவோம். சீமைக் கருவேல் முளைக்கும். அப்போது வருவான் ஒருத்தன், நோட்டில் எழுதுவான்: தரிசு! கழுத்தை நெரித்தவனே வந்து "இவனுக்கு மூச்சு இல்லை" என்று சர்டிபிகேட் கொடுக்கிற கதை.

அந்தத் தண்ணீராவது சும்மா போனதா? கால்வாயை அடைத்த தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மாடி வரைக்கும் ஏறிப் படகில் ஆட்களை மீட்டார்களே, மறந்துவிட்டதா? எல்லாரும் செம்பரம்பாக்கத்தை மட்டுமே பேசினார்கள். செம்பரம்பாக்கம் தண்ணீர் சேருவதற்கு முன்னாலேயே ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரி நீர் அந்தப் பகுதியை முழுகடித்துவிட்டது. ஏரி மாவட்டத்தில் ஏரிக்கு விட வேண்டிய வழியை மனைக்கு விற்றால், மனைக்காரனும் முழுகுவான். போர்டில் "மிக அருகில்" என்று எழுதினவன் ஏரியும் மிக அருகில் என்று எழுதவில்லையே!

குடிமராமத்து என்று 2017 மார்ச்சில் ஒரு திட்டம் வந்தது. முதலமைச்சர் வந்து தொடங்கி வைத்ததே நம்ம மணிமங்கலம் ஏரியில்தான். 100 கோடி ரூபாய், 1,519 வேலைகள் என்று சொன்னார்கள். பேர் அருமையான பேர். குடிமக்கள் பண்ணுகிற மராமத்து! ஆனால் கரையைச் சீவி மண்ணைப் போட்டுப் போட்டோ எடுத்தால் ஏரி நிரம்பிவிடாது. தண்ணீர் வருகிற வழி திறந்திருக்க வேண்டும். அந்த வழியில் கை வைத்தால் யார் யாருடைய காம்பவுண்டுச் சுவர் இடிய வேண்டியிருக்கும் என்று அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

எல்லாக் கட்சியும் ஒரே பத்திரத்தில்!

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதுதான் நம்ம கழுத்தில் கிடக்கிற கயிறு. மத்தியில் 2013ல் ஒரு நிலம் எடுப்புச் சட்டம் வந்தது. தனியார் கம்பெனிக்காக எடுத்தால் நிலம் இழப்பவர்களில் 100க்கு 80 பேர் சம்மதம் வேண்டும், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டம் என்றால் 70 பேர் சம்மதம் வேண்டும், ஊருக்கு என்ன பாதிப்பு என்று ஆய்வு பண்ண வேண்டும் என்று அதில் இருந்தது. உடனே தமிழ்நாட்டில் என்ன செய்தார்கள்? தொழில் நோக்கங்களுக்கு நிலம் எடுக்க 1997லேயே இங்கே ஒரு தனிச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். 2014ல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, அந்தச் சட்டத்தில் எடுத்தால் இந்தச் சம்மதமும் ஆய்வும் தேவையில்லை என்று ஆக்கினார்கள். விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே வருஷம் சட்டசபையில் மறுபடி உயிர் கொடுத்தார்கள். 2021ல் உச்சநீதிமன்றம் அதைச் சரி என்றது. இழப்பீடு புதுச் சட்டப்படி உண்டு. ஆனால் "தர்றியா?" என்று கேட்கிற கேள்வி மட்டும் இல்லாமல் போனது.

பிறகு 2023 ஏப்ரலில், நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் என்று அரசு அறிவித்துவிட்டால், நடுவில் இருக்கிற ஏரி, ஓடை, வாய்க்காலையும் சேர்த்துக்கொள்ள வழி பண்ணியது. சட்டசபையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. 2024ல் அமலுக்கும் கொண்டுவந்தார்கள். 1997ல் தி.மு.க. ஆட்சி. 2014லும் 2019லும் அ.தி.மு.க. ஆட்சி. 2023ல் மறுபடி தி.மு.க. ஆட்சி. சட்டசபையில் மேஜை மைக் பறக்கச் சண்டை போடுகிறவர்கள், நம்ம நிலத்தை எடுக்கிற சட்டத்தில் மட்டும் அண்ணன் தம்பி!

நம்மிலிருந்து மேற்கே போனால் பரந்தூர். 2022ல் விமான நிலையம் என்று அறிவித்தார்கள், 5,000 ஏக்கருக்கு மேல். அதில் நஞ்சையும் ஏரியும் குளமும் அடக்கம். ஏகனாபுரம் மக்கள் பகலெல்லாம் கழனி வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் கூடிப் போராடினார்கள். கிராம சபையில் திரும்பத் திரும்ப எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். 2025ல் சில பேர் பத்திரம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்ததும், "ஊரே கொடுத்துவிட்டது" என்று பிரசாரம் பண்ணினார்கள். செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த விவசாயிகள் 7 பேர் மேல் 2023 நவம்பரில் குண்டர் சட்டம் போட்டார்கள். ஏர் பிடித்தவன் குண்டனாம்! ஊரெல்லாம் காறித் துப்பிய பிறகு 6 பேர் மீது போட்டதை ரத்து செய்தார்கள்.

இதையும் கவனியுங்கள். மதுரை மேலூர் பக்கம் அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் என்று மத்திய அரசு 2024ல் ஏலம் விட்டது. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரி 7ஆம் தேதி ஆயிரக்கணக்கான பேர் மதுரையை நோக்கி நடந்தார்கள். தமிழக சட்டசபையும் அதற்கு முன்பே டிசம்பரில் எதிர்த்துத் தீர்மானம் போட்டிருந்தது. ஜனவரி 23ஆம் தேதி ஏலம் ரத்து! நல்ல காரியம், கை தட்டுகிறோம். ஆனால் மேலூர்க்காரன் கிராம சபைத் தீர்மானம் தீர்மானம், ஏகனாபுரத்துக்காரன் தீர்மானம் வெறும் காகிதமா? டெல்லி எடுத்தால் மண்ணின் உரிமை, சென்னை எடுத்தால் வளர்ச்சியா?

விற்றவனைத் திட்டாதீங்க

நம்ம பக்கத்திலும் பேச வேண்டியது இருக்கிறது. நிலத்தை விற்றவனைப் பார்த்துத் துரோகி என்று சில இளைஞர்கள் எழுதுகிறார்கள். பெண்ணுக்குக் கல்யாணம், அம்மாவுக்கு ஆபரேஷன், நகை வங்கியில் மூழ்குகிற நிலை. மூட்டை நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் போட்டு மழையில் முளைக்க விட்ட வருஷம் அவனுக்கு யார் கை கொடுத்தது? அவன் விற்காமல் என்ன செய்வான்? திட்ட வேண்டியது வேறு ஆளை. ஊரில் பெரிய மனுஷன் என்று உட்கார்ந்துகொண்டு, கோயில் திருவிழாவில் முதல் மரியாதை வாங்கிக்கொண்டு, பின்வாசல் வழியாகக் கம்பெனிக்கு நிலம் பிடித்துக் கொடுத்து ஏக்கருக்கு இவ்வளவு என்று கமிஷன் அடிக்கிறானே, அவனைத் திட்டுங்கள். பொங்கலுக்கு வேட்டி கட்டி, வாடகை மாட்டு வண்டியில் ஏறி, "உழவே தலை" என்று பேனர் வைப்பவனும் அவனேதான். அந்தப் பொங்கப் பானைக்கு அரிசி எந்தக் கழனியில் விளைந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள், மைக்கை ஆப் பண்ணிவிடுவான்.

இனி நாம செய்ய வேண்டியது

முதல் வேலை, அடங்கல். உங்கள் கழனியில் பயிர் இருக்கும்போது கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து எழுதினாரா, அல்லது உட்கார்ந்த இடத்தில் தரிசு என்று போட்டுவிட்டாரா? எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நிலம் எடுக்கிற அன்றைக்கு அந்த ஒரு வரிதான் உங்களுக்கு எதிர் சாட்சி. சிட்டா, அடங்கல், புலப்படம் மூன்றையும் எடுத்து வையுங்கள். குத்தகைக்கு உழுகிறவர்களும் பயிர் நிற்கும்போதே தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். உங்களுக்குப் பத்திரம் இல்லை, ஆனால் உழைப்பு இருக்கிறது, அதற்கும் சாட்சி வேண்டும்.

இரண்டாவது, ஏரி. பொதுப்பணித்துறை வசம் இருந்து இப்போது நீர்வளத்துறையிடம் இருக்கிற ஏரிகளை அளந்து எல்லை குறித்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007லேயே சட்டம் இருக்கிறது. நம்ம ஏரியை அளந்தார்களா, எல்லைக் கல் எங்கே நட்டார்கள், வரத்துக் கால்வாய் பழைய வரைபடத்தில் எத்தனை அடி, இப்போது எத்தனை அடி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். படிக்கிற பிள்ளைகள் ஊருக்கு ஒருவர் இதை எழுதிக் கொடுத்தால் போதும்.

மூன்றாவது, கிராம சபை. 2022லிருந்து வருஷத்துக்கு 6 கூட்டம் என்று ஆக்கியிருக்கிறார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கத்தை விடுங்கள். "எங்கள் ஊராட்சி எல்லைக்குள் இருக்கிற ஏரி, கால்வாய், மேய்க்கால் எதையும் எந்தத் திட்டத்துக்கும் சேர்க்க இந்தச் சபை சம்மதிக்கவில்லை" என்ற தீர்மானத்தை ஊர் ஊராகப் போட வேண்டும். காலனியில் இருந்தும், இருளர் குடியிருப்பில் இருந்தும், பெண்கள் எல்லாரும் வர வேண்டும். தீர்மானம் நோட்டில் ஏறியதா என்று கண்ணால் பார்த்த பிறகு எழுந்திருங்கள். நகலும் கேட்டு வாங்குங்கள்.

வருவாய்த் தீர்வாயம், நம்ம பாஷையில் ஜமாபந்தி, பசலி முடிகிற சமயத்தில் மே, ஜூன் மாதத்தில் தாலுகா அலுவலகத்தில் நடக்கும். படப்பை, மணிமங்கலம், ஆதனூர் சுற்று வட்டாரத்தில் அடங்கலில் தவறாகத் தரிசு என்று ஏறியிருக்கிற எல்லாரும் அன்றைக்குச் சேர்ந்தே போவோம். தனியாகப் போனால் "அப்புறம் வா" என்பார்கள். பட்டா நகல், பயிர் போட்டோ, கூட்டுறவுச் சங்கத்தில் உரம் வாங்கிய ரசீது, நெல் போட்ட சீட்டு, எது இருக்கிறதோ எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கத்தில் எழுதிக் கொடுப்போம், காசு வேண்டாம். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டை கையில் வாங்கும் வரை யாரும் அலுவலக வாசலை விட்டு நகரக் கூடாது.